கயோட்டி வேட்டைக்கு முன் காகித வேட்டை

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள் எங்கள் வாழப்பாடிப் பக்கம். பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து வந்து ஊருக்குக் காட்டும் வழக்கம்கூட அங்கே உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி வனத்துறை அபராதம் போடுவதும் உண்டு. அந்த மண்ணில் பிறந்த நான், டெக்சாஸில் ஒரு கயோட்டியின் (நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட அமெரிக்கக் காட்டு விலங்கு) முகத்தில் விழிக்க ஜூலையில் கிளம்பி ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தேன். காட்டில் அலைந்ததைவிடக் கடை வாசலில் அலைந்ததே அதிகம்.

டெக்சாஸில் கயோட்டிக்குப் பருவக் கட்டுப்பாடு இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி முடிக்க வேண்டும். ஒரு வார இறுதியில் கணினி முன் உட்கார்ந்து முடித்துவிட்டேன். லைசென்ஸ் 25 டாலர். இதுவரை ஒரு குறையும் இல்லை. சனியன் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் விதிவிலக்கு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். நண்பர் கூப்பிட்டார் என்று சுடுதளத்துக்குப் போய் அவருடைய துப்பாக்கியை வாங்கிப் பார்ப்பதும் இதில் அடங்கும். எனக்கு முன்னால் வேலைக்கு வந்த இரண்டு பேர் இது தெரியாமலே வருடக்கணக்கில் போய் வந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் என் லைசென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் திருப்பித் தந்தார். காலாவதி. எப்போது வாங்கினாலும் டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். ஜூலையில் கொடுத்த 25 டாலருக்கு எனக்குக் கிடைத்தது ஆறு வாரம். அதுவும் கையில் துப்பாக்கி இல்லாத ஆறு வாரம்.

புது லைசென்ஸோடு இரண்டாம் முறை போனேன். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற கூட்டரசுப் படிவத்தைக் கொடுத்தார்கள். ஐ-94 எண், அதாவது அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு எண், கேட்டது. கைப்பேசியில் தேடி எழுதினேன். முகவரியில் மாட்டிக்கொண்டேன். ஓட்டுநர் உரிமத்தில் பழைய வீட்டு முகவரி. இப்போதைய முகவரியைக் காட்டும் இன்னொரு அரசு ஆவணம் வேண்டும் என்றார்கள். மின் கட்டண ரசீதை எடுத்து நீட்டினேன். அது அரசு ஆவணம் இல்லையாம். வங்கிக் கடிதம்? தலையை ஆட்டினார். வண்டிப் பதிவுச் சீட்டு செல்லும். அதில் புது முகவரியும் இருந்தது. ஆனால் அது வீட்டில், மேசை இழுப்பறையில், காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. அதை நேரில் போய் எடுத்து வர ஒரு சனிக்கிழமை செலவானது.

மூன்றாம் முறை எல்லாம் சரி. வியாழக்கிழமை மாலை எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு விவரம் போனது. பதில் ‘தாமதம்’ என்று வந்தது. மறுப்பு என்று நினைத்து முகம் வெளுத்தேன். தாமதம் வேறு, மறுப்பு வேறு. பெயர்க் குழப்பம் இருந்தாலே தாமதம் வரும். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இடம் மாறி மாறி உட்காரும் நம் பெயர்களுக்குக் கேட்கவே வேண்டாம். மூன்று வேலை நாள் கடந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைத் தரலாம். தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. என் கடைக்காரர் தர மறுத்துவிட்டார். பதினோராவது நாள் அனுமதி வந்தது. அடிக்கடி தாமதத்தில் சிக்குபவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்துத் தனி அடையாள எண் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். நான் அடுத்த வாரமே விண்ணப்பித்தேன்.

எந்த ரைஃபிள் என்ற விவாதம் முடிவில்லாதது. தோட்டா அளவுகளில் .22-250 வேகம் என்பார்கள், .243 காற்றில் விலகாது என்பார்கள். நான் வாங்கியது .223 ரெமிங்டன், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளும் போல்ட் வகை. தோட்டா மலிவு, உதைப்பு குறைவு, முந்நூறு கஜத்துக்குள் கயோட்டிக்குத் தாராளம். ஒன்று மட்டும்: .223 என்று மட்டுமே குறித்த துப்பாக்கியில் 5.56 ராணுவ வகைத் தோட்டாவைப் போடாதீர்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அழுத்தம் வேறு.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைக் கடையிலேயே மாட்டி, குழலோடு நேர்பார்த்துத் தந்தார்கள். அதை நம்பினேன், என் தப்பு. நேர்பார்ப்பது குண்டு தாளில் விழும் அளவுக்குத்தான் உதவும். குறி சரிசெய்வது நம் வேலை. நூறு கஜத்தில் மூன்று குண்டு சுட்டேன். ஒன்று இடக்கோடி, ஒன்று மேலே, மூன்றாவதைக் காணோம். நான்கு சொடுக்குக்கு ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டுத் திருகினேன், சுட்டேன், மறுபடி திருகினேன். இரண்டு பெட்டி தோட்டா, நாற்பது குண்டு காலி. கைதான் சரியில்லை என்று மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தார். ஆடும் பல்லைப் போல அது ஆடியது. வளையத்தின் திருகுகளை யாருமே முறுக்கவில்லை. அவர் தன் பெட்டியிலிருந்து முறுக்குக் கருவியை எடுத்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த ஏழு குண்டில் வேலை முடிந்தது. கடையிலிருந்து வெளியே வரும்முன் உங்கள் ஸ்கோப்பை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

அடிபட்ட முயல்போலக் கத்திக் கயோட்டியை வரவழைக்கும் ஊதலின் கதை வேறு. ஊதலில் இரண்டு வகை. சீவாளி உள்ளே அடைபட்டிருக்கும் வகையை யார் ஊதினாலும் முயல் கத்தும். ஆனால் ஒரே முயல்தான் கத்தும். சீவாளி வெளியே தெரியும் வகையில் உதட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால் குட்டி முயல், பெரிய முயல், கயோட்டிக் குட்டியின் அழுகை, ஊளை எல்லாம் வரும். நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்துப் பார்ப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து வேடிக்கை பார்த்தவன் என்ற தைரியத்தில் இரண்டாவதை வாங்கினேன். முதல் வாரம் வாத்துதான் வந்தது. இரண்டாம் வாரம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதியபோது முயல் வந்தது, கூடவே கீழ் வீட்டு அம்மாவும் வந்தார். யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டு வாசலில் நின்றார். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதன் பிறகு பயிற்சி காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

பொத்தான் அழுத்தினால் கத்தும் மின்னணு ஒலிப்பானும் கயோட்டிக்கு இங்கே சட்டப்படி செல்லும். சத்தம் நம்மிடமிருந்து வராமல் நாற்பது கஜம் தள்ளி வருவது பெரிய வசதி. அதையும் பிறகு வாங்கினேன். மின்கலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன அன்றுதான் ஊதலின் அருமை தெரிந்தது.

அடுத்தது நிலம். டெக்சாஸில் பெரும்பகுதி தனியார் நிலம். அனுமதி கேட்காமல் ஒன்றும் நடக்காது. வேலிக் கம்பத்தில் ஊதாச் சாயம் பூசியிருந்தால், பலகை இல்லாவிட்டாலும், உள்ளே வராதே என்று பொருள். எட்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏழு பேர் மரியாதையாக மறுத்தார்கள். கெர்வில்லுக்கு மேற்கே ஆடு வளர்க்கும் எட்டாமவர், போன குட்டி போடும் பருவத்தில் ஒன்பது குட்டிகளை இழந்தவர், ‘எப்போது வருகிறாய்?’ என்று மட்டும் கேட்டார். ஆட்டைக் காக்கச் சுடுவதற்கு லைசென்ஸே தேவையில்லை என்றும் சொன்னார். அது அவருக்குச் சரி. விசாவில் இருப்பவனுக்கு அந்த லைசென்ஸ்தான் துப்பாக்கியைத் தொடுவதற்கே அனுமதி. ஆகவே அந்தப் பேச்சில் மயங்காதீர்கள்.

முதல் நாள் கார்க் கதவை வழக்கம்போலச் சாத்தினேன். அந்தச் சத்தத்தோடு அன்றைய வேட்டை முடிந்தது. இரண்டாம் நாள் அழகான புதர் நிழலில் உட்கார்ந்தேன், நெருப்பெறும்புப் புற்று. மூன்றாம் நாள் இருபது நிமிடம் ஊதிவிட்டு எழுந்து திரும்பினால், எனக்குப் பின்னால் அறுபது கஜத்தில் ஒரு வால் ஜூனிப்பர் மரங்களுக்குள் மறைந்தது. கயோட்டி சத்தத்தை நம்பி நேராக வராது. காற்றின் கீழ்ப்பக்கமாக, அதாவது நம் வாசனையைக் காற்று கொண்டுபோகும் பக்கமாக, சுற்றி வந்து, மோந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும். எனவே காற்று நம் கன்னத்தில் பக்கவாட்டாக அடிக்கும்படி உட்கார்ந்து, கீழ்ப்பக்கம் திறந்தவெளியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று பார்க்கத் தனிப் பொடி விற்கிறார்கள். வீட்டிலிருக்கும் முகப்பவுடரே போதும்.

ஏழாம் முறை ஒன்று நன்றாக நின்றது, அடுத்தவர் வேலிக்கு அந்தப் பக்கம். குண்டு எல்லையைத் தாண்டினாலே குற்றம். விரலை எடுத்துவிட்டேன். அது கொட்டாவி விட்டுப் போனது.

பதினோராம் முறை, ஜனவரி நடுவில், விடிந்து பத்து நிமிடம். மெதுவாகத் தொடங்கினேன், பக்கத்தில் படுத்திருக்கும் கயோட்டியை முதல் ஊதலிலேயே விரட்டிவிடக் கூடாதல்லவா. சப்பாத்திக் கள்ளிக்கு அந்தப் பக்கம் காது இரண்டு தெரிந்தது. பிறகு மொத்தமாக வந்தது: சாம்பலும் செம்மண்ணும் கலந்த ரோமம், குளிர்காலத்துக்குத் தடித்த கழுத்து, மூக்கு மட்டும் மேலே தூக்கி. ஓட்டம் நிற்க வாயாலேயே ஒரு முறை குரைத்தேன். நின்று என்னை நேராகப் பார்த்தது. நூற்றிப் பத்து கஜம். ஒரே குண்டு.

கையுறை போட்டுத்தான் தூக்கினேன். சொறியும் ஒட்டுண்ணியும் வெறிநாய்க்கடி நோயும் உள்ள பிராணி, அலட்சியம் கூடாது. முப்பது பவுண்டு இருக்கும். பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். ஊருக்குப் பேசியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: நரியைக் கொல்லலாமா? ஒன்பது ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னேன். ஆடு வளர்த்தவர், மேற்கொண்டு கேட்கவில்லை.

புது லைசென்ஸ் விற்பனை ஆகஸ்ட் 15-இல் தொடங்கும். நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். சுதந்திர தினத்துக்கு என்று நினைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் கொடி வரைந்து வைத்திருக்கிறாள்.