சிக்னலில் மட்டும் சூடாகும் கார் ஏசி: மூன்று ஞாயிறு வேலை

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும்போது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை ஏசி நன்றாகவே இருக்கும். பல்லாவரம் நெரிசலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், வென்ட்டில் வெறும் காற்றுதான் வரும். நகர்ந்ததும் மறுபடி குளிரும். பன்னிரண்டு வருஷப் பழைய ஹேட்ச்பேக். இதற்காகவே போன கோடையில் இரண்டு தடவை கேஸ் அடித்தேன். இரண்டு தடவையும் கடையில் சில்லென்று வந்தது; வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை காசு கொடுப்பதற்கு முன் நானே பார்த்துவிடுவது என்று பானட்டைத் திறந்தேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. அதே கேஸ்தான் அதை அழுத்தும் கம்ப்ரஸர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நன்றாகக் குறைந்திருந்தால் ஓடும்போதும் குளிர் விட்டுப்போயிருக்கும். நின்றால் மட்டும் போகிறது என்பதால், கேஸை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும் என்று தோன்றியது.

முதல் ஞாயிறு

கார் ஏசி வேலை தெரிந்த நண்பரிடம், கேஸின் அழுத்தத்தைப் பார்க்கும் கேஜ் செட் வாங்கி வந்தேன். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். என் வண்டி ஏசியில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, தோலில் பட்டால் சதை உறைந்துவிடும். காலை 30 டிகிரி வெயிலில், இன்ஜின் போடாமல் பார்த்தபோது ஹை (அதிக அழுத்தம்), லோ (குறைந்த அழுத்தம்) என்ற இரண்டு பக்கமும் 97 பி.எஸ்.ஐ. அந்த வெப்பத்துக்குச் சரியான அளவு. ஆனால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை கேஜ் இதையேதான் காட்டும். அதனால் கேஸ் காலியாகவில்லை என்று மட்டும்தான் இதை வைத்துச் சொல்ல முடியும், அளவு சரியா என்று சொல்ல முடியாது.

இன்ஜினைப் போட்டு ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். ஹை பக்கம் 200, 260, 310 என்று ஏறி 350-ஐத் தொட்டது. வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டரில் 19 டிகிரி. குனிந்து பார்த்தால் கண்டென்சர் ஃபேன் அசையவே இல்லை. பக்கத்தில் ரேடியேட்டர் ஃபேன் தனியாக ஓடுகிறது, இன்ஜின் சூடு முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. அதனால்தான் இத்தனை நாள் ஃபேன் மேல் சந்தேகமே வரவில்லை.

உறுதிப்படுத்த ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெல்ல ஊற்றினேன். ஆவி கிளம்பியது. ஹை முள் கண்ணெதிரே இறங்கி 210-க்கு வந்தது. ஒரு நிமிடத்தில் வென்ட் 12 டிகிரி. கண்டென்சரின் சூட்டை யாராவது எடுத்துக்கொண்டால் ஏசி வேலை செய்கிறது! வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கடையில் ஏன் குளிர்ந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கேஸ் அடிக்கும்போது வண்டிக்கு முன்னால் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயை அதே மாதிரியான ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டும் பலன் இல்லை. ஃபேன் கனெக்டரில் மல்டிமீட்டர் 13.8 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினேன். இரண்டு சுற்று சுற்றி நின்றது. மோட்டாருக்குள் உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ஃபேனில் கை வைத்தேன். இன்ஜின் அறைக்குள் ஃபேன் எப்போது சுற்றும் என்று நம்ப முடியாது.

மோட்டாரைப் பிரித்ததும் கரித்தூள் கொட்டியது. ஒரு பிரஷ் அரிசி மணி அளவுக்குத்தான் மிச்சம். ஸ்பிரிங் அதற்கு மேல் தள்ள வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. புது பிரஷ் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது உரசும் செப்பு வளையத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் புது பிரஷும் நிற்காது.

சரி, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் வருஷமும் மாடலும் கேட்டு ஒரு மோட்டாரை எடுத்துப் பேட்டரியில் ஓட்டிக் காட்டினார். “தம்பி, வயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கமா சுத்தும். மாட்டினதும் காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கங்க” என்றார். பொன்னான அறிவுரை. பழைய வண்டியிலிருந்து எடுத்ததில் கனெக்டர் வேறு, வயரை நானே இணைக்க வேண்டியிருந்தது. மாட்டி முடித்து, கிரில் முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. என் வண்டியில் ஃபேன் கண்டென்சருக்குப் பின்னால் இருப்பதால் இதுதான் சரியான திசை.

ஆனாலும் நின்ற இடத்தில் ஹை 290, வென்ட் 13 டிகிரி. முழுத் திருப்தி இல்லை. போன கோடையில் இரண்டு தடவை அடித்த கேஸ் நினைவுக்கு வந்தது. பானட் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 380 கிராம். ரெகவரி மெஷின் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போய், உள்ளே இருப்பதை எடுத்து எடை பார்க்கச் சொன்னேன்: 470 கிராம்! 90 கிராம் அதிகம். குறைகிறது என்று சொல்லிச் சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வேக்யூம் போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து, கசிவு இல்லாமல் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, எடை போட்டு 380 ஏற்றினோம். ஹை 225-க்கு வந்தது, வென்ட் 10. கேஸை வெளியே திறந்துவிட்டு அளவைக் குறைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் ஆர்134ஏ பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல்.

மூன்றாவது ஞாயிறு

சென்னையில் யாரும் தொடாத பகுதி ஹீட்டர். என் வண்டியில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டரில் இன்ஜினின் சுடுநீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் முன்னால் ஒரு மூடி மட்டும்தான் தடுப்பு. அந்த மூடி சரியாக அடைகிறதா என்று பார்க்க, சுடுநீர் ஹோஸை ஒரு கிளாம்ப் வைத்து இறுக்கினேன். ஐந்து நிமிடத்தில் வென்ட் 10-லிருந்து 7 டிகிரி! டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால், கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருந்தது. குமிழ் முழு நீலத்தில் நின்றாலும் மூடி ஒரு விரல்கடை திறந்தே இருந்திருக்கிறது. கேபிளை இழுத்துக் கிளிப்பில் அழுத்தினேன், கிளாம்ப்பை எடுத்தேன். 7 டிகிரி அப்படியே நிற்கிறது.

திங்கள் காலை பல்லாவரத்தில் நான்கு நிமிடம் நின்றேன். தெர்மாமீட்டர் 9-ஐத் தாண்டவில்லை. இன்னொரு குறை பாக்கி: வென்ட்டுக்குக் காற்றைத் தள்ளும் ப்ளோயர் நான்காவது வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றும் வேலை செய்யவில்லை. அடுத்த ஞாயிறு, அதன் வேகத்தைக் குறைக்கும் ப்ளோயர் ரெசிஸ்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.