தடுப்பூசி போடப் போன இடத்தில்

ஒன்றரை வயது மகனுக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். எடை பார்த்து முடித்த செவிலியர், "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? எதையாவது விரலால் சுட்டிக் காட்டுகிறானா?" என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்: "ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்." "நான் பேச்சைக் கேட்கவில்லையே அம்மா" என்று சிரித்தார் அவர்.

அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் தலையை முட்டிக்கொள்கிறான் என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; வளர்ப்புச் சரியில்லை என்பார்களே! அவர் அதிரவே இல்லை. இந்த வயதில் பல குழந்தைகள் இப்படிச் செய்வதுண்டாம். அடிக்காமல், கைபேசியை நீட்டாமல், அடிபடாதபடி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறார்கள். வளர்ச்சித் தாமதமும் அதில் அடக்கம். தேவைப்பட்டால், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அதையும் அவர்தான் சொன்னார், ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே.

இன்று காலை பால்காரரின் மணிச் சத்தம் கேட்டதும் வாசலை நோக்கி விரலை நீட்டினான். மாமியார் இரண்டு முறை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.