தாவாங்கட்டையின் பூர்வீகம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நேற்று ஒரு பாட்டி தம் பேரனைப் பார்த்து, "தாவாங்கட்டைய பேத்துடுவேன்" என்று அதட்டினார். அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். நான் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டேன். கொச்சை என்று நாம் ஒதுக்கும் இச்சொல், மோவாயைக் குறிக்கும் 'தாழ்வாய்' என்பதோடு 'கட்டை' சேர்ந்து, நடுவிலிருந்த ழகரம் நாவில் தேய்ந்து உருவானதுதான். 'முழி'யும் அப்படியே: விழுங்குவதை முழுங்குவது என்கிற அதே வாய்தான் விழியையும் முழியாக்கியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 'மோரை'. "மோரையப் பாரு" என்று ஏசுவதற்கு மட்டுமே நாம் எடுக்கும் இச்சொல், ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில், முகம் என்பதற்கான சாதாரணப் பேச்சுச் சொல்லாக, 'மோரெ' என்று வழங்குகிறது. ஒரே குடும்பத்துச் சொல் ஒரு மொழியில் இயல்பாகவும் மற்றொன்றில் வசையாகவும் இருப்பதால், இங்கே சம்பந்தி வீட்டில் வார்த்தையை அளந்து பேசுவது நல்லது.

யானையின் மதநீர் வழியும் கன்னத்தைச் சங்கப் புலவர்கள் 'கவுள்' என்றார்கள். அது இன்று பேச்சில் இல்லை. நமக்கு வாய்த்தது 'செவுள்'. "செவுள்ல ஒண்ணு விடுவேன்" என்று மிரட்டுகிறவரே, ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய், கட்லா மீனின் செவுளை விரலால் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்.