சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸை எடுத்தார்கள்

தூத்துக்குடிப் பக்கம் இறால் ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பாதுகாப்பு அலுவலர் வேலை. குளிரூட்டுவது அம்மோனியா. கசிந்தால் ஆட்களை எப்படி வெளியேற்றுவது என்று மாக் டிரில், அதாவது ஒத்திகை, நடத்தியே ஆகவேண்டும். நிர்வாகத்துக்கோ ஆடிட்டரிடம் காட்ட நாலு போட்டோ கிடைத்தால் போதும்.

அனுமதி, கடிதம் எல்லாம் சுலபமாக முடிந்தது. தீயணைப்பு வண்டி மட்டும் வரவில்லை. அவர்களுக்கு அன்றைக்கு நிஜமாகவே ஓர் அழைப்பு. குறை சொல்ல முடியாது.

கோளாறு சங்கிலேயே ஆரம்பித்தது. ஷிப்ட் மாற, சாப்பாட்டுக்கு விட, அவசரத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே சங்கு. ஊதியதும் பேக்கிங் ஆட்கள் கையைக் கழுவி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு நடையைக் கட்டினார்கள். மைக்கில் தமிழில் அறிவித்தோம். ஒடிசாப் பையன்கள் மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தோலுரிக்கும் கூடத்தில் இன்னும் மோசம். சூப்பர்வைசர் அக்கா வாசலை மறித்து, "ஏட்டி, பூட்ஸைக் கழத்தி ரேக்ல வச்சிட்டுப் போங்க!" என்று சத்தம் போடுகிறார். பெண்கள் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் தள்ளாடியபடி ஈர கம்பூட்ஸை இழுக்கிறார்கள். பின்னால் வரிசை நீள்கிறது. அக்காவைச் சொல்லி என்ன? சுத்தம் சுத்தம் என்று வருஷம் முழுக்க அதைத்தானே சொல்லச் சொல்கிறார்கள். அடுத்து, பின்பக்க அவசர வாசலில் பூட்டு. இறால் திருட்டுப் பயமாம். சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டி முன் கேட்டில்.

ஒருவழியாக எல்லாரும் மேற்கு மதிலோரம் கூடும் இடத்துக்கு வந்தார்கள். அம்மோனியா ஓடும் கம்ப்ரஸர் அறை கிழக்கே. அந்த நேரத்துக்கு கடல்காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கும். நிஜக் கசிவாக இருந்தால் வாயு வரும் பாதையிலேயே அத்தனை பேரையும் நிறுத்தியிருப்போம். "அம்மோனியா லேசானதுங்க, மேல போயிரும்" என்றார் ஒரு மேனேஜர். அழுத்தத்தில் இருக்கும் திரவம் பீய்ச்சியடித்தால் குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தவழும். அதன் கொதிநிலையே மைனஸ் 33 டிகிரி. திட்டத்தைத் தயாரித்த கன்சல்டன்ட் வேறு ஆலையின் காகிதத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறார் போல. எங்களிடம் இல்லாத ஃபர்னஸ் ஆயில் டேங்க் ஒன்றுகூட அதில் இருந்தது.

தலை எண்ணினால் 9 பேர் குறைவு. பெட்டி ஏற்ற வந்த ஒப்பந்த ஆட்கள். அவர்கள் பெயர் எழுதிய நோட்டு மேஸ்திரியின் சட்டைப்பையில்; மேஸ்திரி எதிர்ச்சாரி டீக்கடையில். ஆட்களோ குளிர் கிடங்குக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடித்த கதவைத் தாண்டிச் சங்குச் சத்தம் உள்ளேயே போகவில்லை!

"நாலு நிமிஷத்துல வெற்றிகரமா முடிஞ்சதுன்னு எழுதிருங்க சார்" என்றார்கள். எழுதவில்லை. 9 பேர் பெயரையும், எங்கே இருந்தார்கள் என்பதையும் எழுதி முதலாளி கையெழுத்துக்கு வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பல மாதமாகக் கிடப்பில் கிடந்த பில்கள் அந்த வாரமே பாஸாயின: அவசரத்துக்கென்று ஏற்ற இறக்கமாக ஒலிக்கும் தனி ஹூட்டர், கிடங்குக்குள் சுழலும் சிவப்பு விளக்கு, உள்ளிருந்து தள்ளினால் திறந்து மணியடிக்கும் கதவு.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு: கூடும் இடம் இரண்டு வையுங்கள், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை எங்கிருந்து பார்த்தாலும் தெரியட்டும். காற்றுக்குக் குறுக்காக விலகச் சொல்லிக் கொடுங்கள், மூக்கில் ஈரத்துணி. ஒப்பந்த ஆட்களுக்கு கேட்டிலேயே டோக்கன். டிரில் நேரத்தை புரொடக்‌ஷனிடம் மூச்சு விடாதீர்கள், முன்கூட்டியே வந்து நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆனால் கம்ப்ரஸர் ஆபரேட்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். நிஜமென்று நினைத்து பிளான்ட்டை நிறுத்திவிட்டால் அடுத்த டிரில்லுக்கு ஜென்மத்தில் அனுமதி கிடைக்காது.

அதற்கடுத்த டிரில்லில் பெண்கள் பூட்ஸோடே ஓடிவந்தார்கள், தலைக்கணக்கும் சரியாக வந்தது. இரவு ஷிப்டிலும் ஒன்று நடத்தக் கேட்டிருக்கிறேன். சீசன் முடியட்டும் என்கிறார் மேனேஜர்.