யார் எடுத்த படம்?

சென்னையில் உள்ள காட்சி விளைவு நிறுவனங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் வேலையில் பெரும்பகுதி, செய்து முடித்த பின் யார் கண்ணிலும் படக் கூடாத வேலை. 1940-களில் நடக்கும் கதையை இன்றைய தெருவில் படம்பிடித்து அனுப்புவார்கள். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஏசி பெட்டி, கூரையில் டிஷ் ஆண்டெனா, சாலையில் வெள்ளைக் கோடு, வானத்தில் ஜெட் விமானம் இழுத்துவிட்டுப் போன புகைக்கோடு, துணை நடிகர் ஒருவரின் காலருக்கு மேல் எட்டிப் பார்க்கும் பச்சைக் குத்து என ஒவ்வொன்றையும் பிரேம் பிரேமாக அழிப்பது பெயிண்ட் பிரிவின் பொறுப்பு. அந்தப் பிரிவில் சேர்ந்து, தனித்தனியாக எடுத்த படத் துண்டுகளை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங்குக்கு மாறி, இப்போது ஒரு சிறு குழுவை நடத்தும் நான், இரண்டாம் உலகப் போரில் மறைந்து வாழ்ந்து உயிர் பிழைத்த யூதர்களைப் பற்றிய படங்கள் சிலவற்றில் வேலை செய்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் அவற்றின் பெயர்களைச் சொல்ல இயலாது. நான் எழுத விரும்புவதும் அவற்றைப் பற்றி இல்லை. அவற்றோடு சேர்ந்து வரும் ரெஃபரன்ஸ் கோப்புறையைப் பற்றியே.

எந்தக் காலப் படமானாலும் ஷாட்டுகளோடு பழைய புகைப்படங்கள் அடங்கிய ஒரு கோப்புறை வரும். சுவரின் காரை எப்படி உதிர்ந்திருந்தது, டிராம் கம்பி எந்த உயரத்தில் ஓடியது, கடைப் பலகையின் எழுத்து எத்தனை தடிமன் என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். போலந்தின் வார்சாவில் ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவைப் பற்றிய கோப்புறை வந்தபோது அதன் செழிப்பே எனக்கு வியப்பாக இருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுவருக்குள் அடைத்துப் பட்டினி போட்ட இடத்துக்கு இவ்வளவு தெளிவான, நல்ல வெளிச்சத்தில் எடுத்த, பொறுமையாகச் சட்டகம் வைத்த படங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தேன். பலவற்றை எடுத்தவர்கள் ஜெர்மானிய ராணுவத்தின் பரப்புரைப் படைப்பிரிவைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள். கைகளை உயர்த்தி நிற்கும் சிறுவனின் படம், 1943-இல் கெட்டோவின் எழுச்சியை நசுக்கிய யூர்கன் ஸ்ட்ரோப் தன் மேலதிகாரிகளுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் ஒட்டப்பட்டிருந்தது. கொன்றவன் வெற்றிக் கணக்காக எடுத்துவைத்த படத்தைப் பார்த்துக்கொண்டு, பிழைத்தவர்களின் கதைக்கு நாங்கள் தெரு அமைத்துக்கொண்டிருந்தோம்.

அசையும் படத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1942 மே மாதத்தில் ஒரு ஜெர்மானியக் குழு வார்சா கெட்டோவுக்குள் சென்று படம்பிடித்தது. முடிக்கப்படாமல் போன அந்தச் சுமார் ஒரு மணி நேரக் காட்சி போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. பல பத்தாண்டுகள் அதன் துண்டுகள் உள்ளது உள்ளபடி எடுத்த பதிவுகளாகவே கையாளப்பட்டன. 1998-இல் இன்னொரு சுருள் அகப்பட்டது. அதில் இருந்தவை கழித்துவிட்ட டேக்குகள். நன்றாக உடுத்திய பெண்கள் பிச்சைக்காரரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் காட்சி திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. கெட்டோவை நிர்வகிக்க ஜெர்மானியர்கள் அமைத்த யூத மன்றத்தின் தலைவராக நியமிக்கப்பட்டிருந்த ஆடம் செர்னியாகோவ், அந்தக் குழு தன் வீட்டுக்குள்ளும் வந்து காட்சி அமைத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். படத்தொழிலில் இருப்பவனுக்கு ஒரே செய்கைக்கு மூன்று டேக் இருந்தாலே போதும், அது எப்படிப்பட்ட காட்சி என்று விளங்கிவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை போலந்தின் லோட்ஸ் நகரத்து கெட்டோதான் எனக்குப் பாடம். அங்கே ஜெர்மானிய நிர்வாகத்தின் கணக்குப் பிரிவுத் தலைவராக இருந்த வால்டர் கெனவைன் என்ற ஆஸ்திரியர் பொழுதுபோக்குக்காக வண்ணப் படம் எடுப்பவர். சுமார் 400 ஸ்லைடுகள், 1987-இல் வியன்னாவின் பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்தன. பட்டறைகளில் வேலை செய்யும் மனிதர்கள், வரிசையாக அடுக்கிய சரக்கு, வெயில். படங்களில் செம்பழுப்புச் சாயல் ஏறுகிறது என்று அவர் படச்சுருள் தயாரித்த அக்ஃபா நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதியிருக்கிறார். கலர் கரெக்‌ஷன் குறிப்புகளைத் தினமும் வாசிக்கும் எனக்கு அந்தக் கடிதத்தின் தொனி மிகவும் பழக்கமானது; அதனாலேயே அதை எளிதில் கடக்க முடியவில்லை. அதே கெட்டோவில் ஹென்றிக் ரோஸ் என்ற யூதர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கெட்டோ நிர்வாகப் பணியில் இருந்துகொண்டு, அகப்பட்டால் சாவு என்று தெரிந்தும், நாடுகடத்தல்களைக் களவாகப் படம்பிடித்தார். 1944-இல் ஆயிரக்கணக்கான நெகடிவ்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார். உயிர் பிழைத்து 1945-இல் தோண்டியெடுத்தபோது ஈரம் அவற்றில் ஒரு பெரும் பகுதியைத் தின்றிருந்தது. ஒரே ஊரின் ஒரே தெரு, இரண்டு பேரின் கேமராவில். எங்கள் கோப்புறையில் இரண்டும் அகர வரிசையில் கலந்து கிடந்தன. கலை இயக்கத்துக்கு உதவும் என்று யாரோ வட்டமிட்டிருந்தவை பெரும்பாலும் கெனவைனுடையவை. காரணம் எளிது: அவற்றில்தான் விவரம் தெளிவாக இருந்தது.

வார்சா நகரத்துக் காட்சி ஒன்றில், கூட்டத்தில் நடக்கும் எல்லோருடைய கைப்பட்டையையும் அழுக்காக்க வேண்டும் என்று வெளிநாட்டு மேற்பார்வையாளர் குறிப்பு அனுப்பினார். 1939 டிசம்பர் முதல் அந்தப் பகுதியின் யூதர்கள் வலக்கையில் வெள்ளைப் பட்டையும் அதில் நீல நட்சத்திரமும் அணிய வேண்டியிருந்தது. லோட்ஸில் அது மார்பிலும் முதுகிலும் மஞ்சள் நட்சத்திரம். உடைப் பிரிவு கொடுத்த பட்டைகள் புதுத் துணியின் வெண்மையோடு திரையில் பளிச்சென்று தெரிந்ததால் குறிப்பு நியாயமாகவே பட்டது. இளைஞர் ஒருவர் ரோட்டோ போட்டு, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் பட்டையின் விளிம்பை வரைந்து பிரித்து, மடிப்பு விழும் இடங்களில் கறையைப் பதித்து, கை அசைவோடு டிராக் செய்து கச்சிதமாக முடித்துவிட்டார். அதன் பிறகுதான் தெருவில் கைப்பட்டை விற்பவர்களின் படங்கள் எங்களிடம் வந்தன. துணியில் மட்டுமல்ல, துடைத்தால் சுத்தமாகிவிடும் செல்லுலாய்டிலும் பட்டைகள் விற்கப்பட்டிருக்கின்றன. பசியில் வாடியவர் கையிலும் பட்டை சுத்தமாக இருந்திருக்கலாம். சுத்தமாக வைத்திருக்க முயன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். இதை எழுதி அனுப்பினேன். முன்வரிசையில் நடந்தவர்களின் கறையைப் பாதி குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பின்வரிசை அப்படியே போனது. அழுக்கு என்றால் துயரம் என்று பார்வையாளர் உடனே வாசித்துவிடுவார், சுத்தமான பட்டையை வாசிக்க நேரம் பிடிக்கும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். அதை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

வானமும் இப்படித்தான். கெட்டோ என்றாலே பனி, சாம்பல் வானம், நீலச் சாயல் என்று ஒரு பழக்கம் ஊறிவிட்டது. வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ரயிலேற்றியது 1942 ஜூலை 22-இல் தொடங்கி செப்டம்பர் வரை, நடுக் கோடைக்காலம். நீல வானத்தைச் சாம்பலாக மாற்றித் தரும்படி கேட்டு வந்த ஷாட்டுகளை நாங்கள் மாற்றித்தான் கொடுத்தோம், சம்பளம் அதற்குத்தான்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பிழைத்தவர்களுக்குப் படமே இல்லை என்பது. மறைந்திருப்பவரிடம் கேமரா இருக்காது, இருந்தாலும் எடுக்க மாட்டார். இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் கெட்டோவை ஜெர்மானியர்கள் அழித்தபோது ஒரு சிறு குழு பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியது. லெயோபோல்ட் சோகா என்ற சாக்கடைத் தொழிலாளி முதலில் பணம் வாங்கிக்கொண்டும், பணம் தீர்ந்த பிறகு வாங்காமலும் அவர்களுக்குச் சோறு கொண்டுபோனார். சுமார் 14 மாதங்களுக்குப் பின், 1944 ஜூலையில், பத்துப் பேர் மேலே வந்தார்கள். அந்தச் சாக்கடைக்குள் அவர்கள் இருந்த கோலத்தைக் காட்டும் புகைப்படம் எதுவும் கிடையாது. சிறுமியாக உள்ளே இருந்த கிறிஸ்டினா ஹிகர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பும், அவர் அணிந்திருந்த பச்சைக் கம்பளிச் சட்டையும்தான் இருக்கின்றன. சட்டை இப்போது வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில். அக்னியெஷ்கா ஹோலந்த் 2011-இல் இந்தக் கதையைப் படமாக்கியபோது படத்தின் பெரும்பகுதியை இருட்டிலேயே நடத்தினார். இருட்டு எங்கள் தொழிலில் விலையுயர்ந்த பொருள். கறுப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் நடிகரின் முகம் தெரியும், ஆனால் சுவர் பொய்யாகிவிடும். அப்படியே விட்டால் வீட்டுத் தொலைக்காட்சியில் வெறும் கட்டம் கட்டமாக நெளியும். கைவிளக்கு எட்டும் தூரம்வரைதான் உலகம் என்று அந்தப் படம் எடுத்த முடிவை, புகைப்படம் இல்லாத இடத்தில் சாட்சியத்தை நம்பிய முடிவாகவே பார்க்கிறேன்.

காட்டில் ஒளிந்து யூதர்களைக் காத்த பியெல்ஸ்கி சகோதரர்களைப் பற்றி 2008-இல் வந்த 'டிஃபையன்ஸ்' எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இன்றைய பெலாரூஸின் நலிபோகி காட்டில் துவியா பியெல்ஸ்கி முதியவர், குழந்தை என்று பாராமல் வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டு, 1,200 பேர் அளவுக்கு உயிரோடு வெளியே கொண்டுவந்தார். காட்டுக்குள் மாவு மில், தோல் பதனிடும் கொட்டகை, தையற்கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம். 1943 கோடையில் ஜெர்மானியர்கள் காட்டைச் சுற்றி வளைத்தபோது அவர்கள் சதுப்பு நிலத்துக்குள் இறங்கித் தப்பினார்கள். படத்தின் முடிவிலோ ஒரு டாங்கியோடு சண்டை வருகிறது. அந்தக் குழுவின் வரலாற்றில் அப்படியொரு சண்டை இல்லை. தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்து, அருகிலிருந்த சோவியத் கெரில்லாக்களுக்குத் தேவையானவர்களாக ஆனதால் பிழைத்தார்கள் என்பதைவிட டாங்கி வெடிப்பது திரைக்கு எளிது. வெடிப்பு எங்கள் தொழிலுக்கு வருமானமும்கூட. ஆனாலும் எனக்கு அந்தச் செருப்புத் தைக்கும் கொட்டகையைக் கட்டித் தரும் வேலை கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவதுண்டு.

பெயிண்ட் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1944 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவ் முகாமில் பிணம் எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் நான்கு படங்களை மறைந்து எடுத்து வெளியே கடத்தினார்கள். ஒன்றில் மரங்கள் மட்டுமே, கேமரா சாய்ந்திருக்கிறது. போருக்குப் பின் வெளியிட்டவர்கள் அவற்றின் கறுப்பு ஓரங்களை வெட்டினார்கள், சாய்வை நிமிர்த்தினார்கள், ஒரு படத்தில் பெண்களின் முகங்களையும் உடல்களையும் தீட்டித் திருத்தினார்கள். நல்லெண்ணத்தோடுதான். எடுத்தவர் எங்கே ஒளிந்து நின்றார் என்பதைச் சொன்னது அந்தக் கறுப்பு ஓரம்தான், அது போனது.

இப்போது எங்கள் குழுவின் ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, எடுத்தவர் யார், எந்த நிலையில் எடுத்தார் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. கோப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பழகிய புதியவர்கள் இதை வீண் வேலை என்று முனகுகிறார்கள். 2025-இல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி முகாம் படங்கள் சமூக ஊடகங்களில் பரவியதை அவுஷ்விட்ஸ் நினைவகம் வெளிப்படையாகக் கண்டித்தது. அத்தகைய படம் ஒன்று இணையத் தேடல் வழியாக எங்கள் கோப்புறைக்குள்ளும் வந்துவிட்டதை அந்தக் கட்டம் காலியாக இருந்ததால்தான் பிடிக்க முடிந்தது. அதன் பிறகு முனகல் கொஞ்சம் குறைந்தது. மேன்-டே (ஒருவரின் ஒரு நாள் உழைப்பு) கணக்குப் போட்டு விலை பேசும்போது இதற்கென்று நேரம் இன்னும் ஒதுக்கப்படுவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ஷாட்டுக்குக் கால் மணி நேரம் சேர்க்கச் சொல்லி எங்கள் தயாரிப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.