தடைக்காலத்துக்கு ஒரு தட்டாம்பயறு பர்கர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், மண்டபம், பாம்பன் பக்கத்து வீடுகளில் அந்த இரண்டு மாதமும் சமையல் கொஞ்சம் மாறிவிடும். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்புகிறவர்களும் உண்டு. பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், மாலை நேரத்தில் பிள்ளைகள் பர்கர் கேட்பதும் அப்போதுதான் கூடுகிறது. மீனும் கறியும் சேராத பர்கர் எங்கள் வீட்டில் வழக்கத்துக்கு வந்தது இப்படித்தான்.

இறைச்சி இல்லாத கட்லெட் உடையாமல் இருக்க எதைச் சேர்ப்பது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதிலிருந்து ஈரத்தை எப்படிப் போக்குவது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கொத்துக்கறியைப் பிசைந்து தட்டிப் போட்டால், அதிலுள்ள புரதமே சூட்டில் இறுகித் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. பயறையும் காயையும் பிடித்து வைப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஈரம் மிகுந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். 1982இல் கிரகரி சாம்ஸ் என்பவர் லண்டனில் சைவ பர்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை உலர்ந்த கலவையாகப் பொட்டலத்தில் அடைத்துத்தான் விற்றார். ஈரத்தின் அளவு சமைப்பவர் கையில் இருப்பது எவ்வளவு வசதி என்பது, சொதசொதவென்று இருக்கும் கலவையைத் தோசைக்கல்லில் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான்கு பர்கருக்கு, வேகவைத்த தட்டாம்பயறு ஒரு கிண்ணமும் நடுத்தர அளவு உருளைக்கிழங்கு ஒன்றும் போதும். முதல் நாள் சுண்டலுக்கு வேகவைத்த பயறில் தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டால், மற்ற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பயறைத் தண்ணீர் இறுத்து, ஒரு பருத்தித் துணியில் பரப்பிச் சற்று நேரம் ஆறவிட வேண்டும். உருளைக்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்தால் அது தண்ணீரை அதிகம் குடிக்காது; நன்றாக ஆறிய பிறகு மசித்தால் பசைபோல் இழுக்காது. பயறை மத்தால் பாதி மட்டும் மசித்து, மீதியை அரைகுறையாக விடுவது நல்லது, ஏனென்றால் முழுவதும் கூழாகிவிட்டால் கடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சோம்பு, கறிவேப்பிலையோடு வதக்கிச் சேர்க்கிறேன். பச்சையாகச் சேர்த்தால் உப்புப் பட்டதும் அது நீர் விட்டுக் கலவையைக் கெடுத்துவிடும்.

ரொட்டித் தூள் இந்தக் கடற்காற்றில் டப்பாவுக்குள்ளேயே நமத்துப்போகிறது. அதற்குப் பதிலாகப் பொரிகடலையை அவ்வப்போது திரித்து, மூன்று மேசைக்கரண்டி மாவு சேர்க்கிறேன். அது ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாடை கிடையாது, ஈரத்தையும் உடனே இழுத்துக்கொள்கிறது. உப்பைக் கடைசியில் சேர்த்துப் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, பன்னின் அகலத்துக்கே தட்ட வேண்டும். கறி சுருங்குவதுபோல் இது அவ்வளவாகச் சுருங்காது. தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, மிதமான தீயில், அடிப்பக்கம் சிவந்து தானாகக் கல்லை விட்டு நகரும்வரை தொடாமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை.

காரத்துக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் இருக்க, கடையில் விற்கும் சாஸ் எதற்கு என்பது என் கட்சி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது; உருண்டையானது, தோல் தடித்தது. ஆறு மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதையில் பாதியை நீக்கி, பூண்டு, கொஞ்சம் புளி, சிறு துண்டு கருப்பட்டி, உப்பு சேர்த்து அரைத்து, எண்ணெயில் சுருள வதக்கினால் விழுது தயார். மயோனைஸ் கேட்கும் பிள்ளைகளுக்கு, துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் இந்த விழுதில் ஒரு கரண்டி கலந்து கொடுக்கிறேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு ஓராண்டுத் தடை விதித்ததை நினைத்தால், தயிர் ஒன்றும் மோசமான மாற்று இல்லை.

பேக்கரியில் வாங்கும் பன் பெரும்பாலும் லேசாக இனிக்கும். இந்தக் காரத்துக்கு அந்த இனிப்பு பொருந்தியே போகிறது. பன்னை இரண்டாகப் பிளந்து, உட்பக்கத்தை மட்டும் கல்லில் வாட்டினால், தயிர் ஊறி அது கரைந்துபோகாது. கீழ்ப்பாதியில் கட்லெட்டும் அதன்மேல் மெல்லிதாக அரிந்த முட்டைக்கோசும் வைத்து, மேல்பாதியில் தயிரைத் தடவி மூட வேண்டும். தக்காளி வைக்க விரும்புகிறவர்கள் விதைப்பகுதியை எடுத்துவிட்டு வைக்கலாம், நான் வைப்பதில்லை.

கலவை மிஞ்சினால் குளிர்பெட்டியில் மறுநாள்வரை தாங்கும். அதைச் சின்னச் சின்னதாகத் தட்டிப் பொரித்து, ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தால், பர்கர் வேண்டாம் என்று சொன்ன பெரியவர்களும் இரண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.