தொட்டால்தான் பாக்குவெட்டி

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது கைகால் விழவில்லை, வாயும் கோணவில்லை. "கண் சரியில்லைப் பிள்ளை" என்று மட்டும்தான் சொன்னார். கண்ணாடி மாற்றினோம். அதற்குப் பிறகும் மேசையில் கிடந்த பாக்குவெட்டியைப் பார்த்து, "இரும்பு, ரெண்டு பிடி, நடுவிலை ஒரு ஆணி" என்று விவரித்தாரே தவிர, அது என்னவென்று தெரியவில்லை. கையில் எடுத்தார், உடனே சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூளையின் இடது பின்பக்கத்துக்குப் போகும் நாடியில் அடைப்பு. டொக்டர் ஒரு திறப்பின் படத்தைக் காட்டி வரையச் சொன்னார். அச்சொட்டாக வரைந்தார், ஆனால் தான் வரைந்தது என்னவென்று சொல்ல முடியவில்லை. எப்படிப் பாவிப்பது என்று கையால் காட்டவும் வரவில்லை. திறப்புக்கொத்தைக் குலுக்கியதும் பதில் வந்தது. ஆக, கண்ணும் பிழையில்லை, சொல்லும் மறக்கவில்லை. பார்த்த உருவம் அதன் பொருளோடு போய்ச் சேரவில்லை. இதற்குப் பெயர் அக்னோசியா. உருவமே ஒன்றுசேராதது ஒரு வகை, உருவம் சேர்ந்தும் பொருள் சேராதது இன்னொரு வகை என்று லிஸ்ஸவர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1890இலேயே பிரித்திருக்கிறார். அப்பாவுக்கு இரண்டாவது.

கிளினிக்கில் சந்தித்த ஓர் அக்காவுக்கு நேர்மாறு. இடது கையில் திறப்பை வைத்தால் குளிர்கிறது, கூராக இருக்கிறது என்பார்; என்ன பொருள் என்று தெரியாது. கண்ணைத் திறந்தால் தெரியும். அவருக்கு அடிபட்டது வலது உச்சிப்பக்க மூளை.

தந்த குளிசைகள் இன்னொரு அடைப்பு வராமல் இருக்கத்தான். பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இல்லை, பழகத்தான் வேண்டும் என்றார்கள். பொருட்களில் பெயர் எழுதி ஒட்டலாம் என்று தங்கச்சி சொன்னாள். சரிவரவில்லை. அப்பாவுக்கு எழுத வரும், எழுதியதை வாசிக்க வராது! அப்புறம் சவர பிளேட்டுக்கு றப்பர் வளையம், குளிசைப் போத்தலுக்குத் தும்புக்கயிறு என்று தடவிப் பார்க்க அடையாளம் வைத்தோம். குசினியில் ஒவ்வொன்றுக்கும் ஒரே இடம். அம்மா இடத்தை மாற்றினால் அன்றைக்குச் சண்டைதான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள்தான் பெரிய தொல்லை. "மாமா, இது என்ன சொல்லுங்கோ பாப்பம்" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைப்பார்கள். அதை நிறுத்திய பிறகுதான் அவர் முன்விறாந்தைக்கு வந்து கதைக்கத் தொடங்கினார்.

இப்போது வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் பார்த்தவுடன் பிடிபடுகின்றன. கோட்டுப் படங்கள்தான் இன்னும் குழப்பம். அந்த அடைப்போடு போன வலப்பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. அதனால் சைக்கிளைக் கொடுக்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.